61-ஆம் வரி

ஆண்டுதோறும் பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் பாதி வரை, சனிக்கிழமைகளில், நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தருகிறேன். அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். வைக்கும் தேர்வை எழுதித் தேறிய தன்னார்வலர்கள் சேர்ந்து செய்யும் வேலை இது. அமெரிக்க அரசியலில் மருத்துவக் காப்பீட்டைப் பற்றி இருபது ஆண்டுகளாக நடக்கும் சண்டையை நான் தொலைக்காட்சியில் கற்றுக்கொண்டதைவிட அந்த மேசையில் கற்றுக்கொண்டதே அதிகம் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2017 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, கூரை போடும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் 27 வயது இளைஞர் என் எதிரே வந்து அமர்ந்தார். முந்தைய ஆண்டில் அவருடைய சம்பளம் 34,000 டாலர். 1040 படிவத்தில் 61-ஆம் வரி வரும் வரை எல்லாம் வழக்கம்போல் போனது. ஆண்டு முழுவதும் மருத்துவக் காப்பீடு இருந்ததா என்று அந்த வரி கேட்கும். இருந்தால் ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். அவருக்கு இருக்கவில்லை. அபராதத்துக்குச் சட்டம் வகுத்த கணக்கு இரண்டு: ஆளுக்கு 695 டாலர் என்பது ஒன்று, படிவம் தாக்கல் செய்தே ஆகவேண்டிய வருமான வரம்புக்கு மேலுள்ள தொகையில் 2.5 சதவீதம் என்பது மற்றொன்று. இரண்டில் எது பெரிதோ அதைக் கட்டவேண்டும். 2016-க்கு அந்த வரம்பு 10,350 டாலர். கழித்துப் பெருக்கினால் 591 டாலரும் சில்லறையும் வந்தது. ஆகவே 695-ஐ எழுதினேன். திரையின் ஓரத்தில் தெரிந்த ரீஃபண்ட் தொகை அந்த நொடியே அவ்வளவு குறைந்ததை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. விலை விசாரித்தபோது எடுத்துவைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டைக் கைப்பேசியில் தேடி எடுத்துக் காட்டினார். இருப்பதிலேயே மலிவான திட்டத்துக்கு மாதம் 200 டாலர் பக்கம் பிரீமியம். அவருடைய வயதுக்கும் வருமானத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான மானியம் இல்லை. அதற்கும் மேலாக, ஆண்டில் முதல் 6,000 டாலருக்கு மேல் தன் கையிலிருந்து செலவழித்த பிறகுதான் காப்பீடு தன் பங்கைக் கொடுக்கத் தொடங்கும் என்கிற டிடக்டிபிள். ஆண்டுக்கு 2,400 டாலர் கட்டி ஒன்றும் பெறாமல் இருப்பதா, 695 டாலர் கட்டி ஒன்றும் பெறாமல் இருப்பதா என்பதுதான் தன் முன்னிருந்த கேள்வி என்றும், அதில் எந்தக் கழித்தல் கணக்கு தவறு என்று சொல்லுமாறும் அவர் கேட்டார். கூரையிலிருந்து விழுந்தால் தொழிலாளர் இழப்பீடு பார்த்துக்கொள்ளும், குடல்வால் வீங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. படிவம் நிரப்புகிறவனுக்கு உபதேசம் செய்யும் அதிகாரம் இல்லை. தவிர, அவருடைய கணக்கில் தவறும் இல்லை.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு மேசையில், நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இதே வழக்கின் மறுபக்கத்தைக் கேட்டிருந்தேன். நண்பர் தன் அம்மாவைக் கிரீன் கார்டில் அழைத்து வந்திருந்தார். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய், ஒரு முறை இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. 65 வயதானால் மெடிகேர் என்கிற அரசுக் காப்பீடு கிடைக்கும் என்பது இங்கே உழைத்து வரி கட்டியவர்களுக்கு. புதிதாக வந்த நிரந்தரவாசிகள் தொடர்ந்து 5 ஆண்டுகள் வசித்த பிறகுதான் பணம் கட்டியேனும் அதில் சேர முடியும். இடைப்பட்ட 5 ஆண்டுகளுக்குத் தனியார் காப்பீடு கேட்டு விண்ணப்பித்தார்கள். கேள்வித்தாளில் நோய்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கேட்டிருந்தார்கள்; அவர்களும் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள்; மறுத்துக் கடிதம் வந்தது. அந்த அம்மா கடிதத்தை நண்பரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “நோய் இருக்கிறவளுக்குத்தானே தம்பி இது வேணும்? நோய் இருக்குன்னு சொல்லியே வேணாங்கறாங்களே, அப்புறம் யாருக்குத்தான் விக்கிறாங்க?” என்றார்.

இந்த விவாதத்தின் சாரம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். நோயாளியை மறுக்கக் கூடாது என்று சட்டம் போடுவது எளிது. எந்தக் கட்சிக்காரரும் கைதட்டுவார். ஆனால் நோய் வந்த பிறகும் வாங்கலாம் என்று ஆகிவிட்டால், நோய் வருமுன் வாங்குவதற்கு யாருக்கும் காரணம் இருக்காது. ஏலச் சீட்டில் முதல் மாதமே தொகையை எடுத்துக்கொண்டு மறுமாதம் தவணை கட்டாமல் போகலாம் என்று விதி எழுதினால் அந்தச் சீட்டு எத்தனை மாதம் நிற்கும்?

எத்தனை மாதம் நிற்கும் என்பதை வாஷிங்டன் மாநிலம் சோதித்தே பார்த்தது. 1993-இல் அம்மாநிலம் இயற்றிய சட்டத்தில் இரண்டும் இருந்தன: யாரையும் மறுக்கக் கூடாது என்கிற விதியும், எல்லோரும் காப்பீடு வைத்திருக்கவேண்டும் என்கிற விதியும். 1995-இல் சட்டமன்றத்தில் கட்சிப் பலம் மாறியதும், மக்களுக்குப் பிடிக்காத இரண்டாவது விதியை நீக்கிவிட்டு, பிடித்திருந்த முதல் விதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிரசவத்துக்கு முன்பும் அறுவை சிகிச்சைக்கு முன்பும் சேர்ந்து, முடிந்ததும் விலகுவது நடந்தது, பிரீமியம் ஏறியது, ஏறியதால் உடல்நலம் உள்ளவர்கள் விலகினார்கள், அவர்கள் விலகியதால் மேலும் ஏறியது. 1999-க்குள் ஏறத்தாழ மாநிலம் முழுவதும் தனிநபர்களுக்குப் புதிய காப்பீடு விற்க ஒரு நிறுவனமும் இல்லாமற் போயிற்று. அடுத்த ஆண்டு விதியைத் தளர்த்தித்தான் அவர்களைத் திரும்ப அழைக்க முடிந்தது.

ஆகவே 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், அந்த அம்மாவை மறுக்கக் கூடாது என்று சொன்ன அதே மூச்சில் அந்த இளைஞர் வெளியே நிற்கக் கூடாது என்றும் சொன்னது. முதியவரிடம் இளைஞரைவிட மூன்று மடங்குக்கு மேல் பிரீமியம் வாங்கக் கூடாது என்றும் விதித்தது; முதியவரின் செலவு அதைவிடக் கூடுதல் என்பதால், மிச்சத்தை இளைஞர் சுமப்பார் என்பது அதன் பொருள். 2014 ஜனவரியில் நண்பரின் அம்மாவுக்குக் காப்பீடு கிடைத்தது. கேள்வித்தாளில் நோய் பற்றி ஒரு கேள்விகூட இல்லை என்று நண்பர் வியந்து சொன்னது நினைவிருக்கிறது. அவருடைய பிரீமியத்தின் ஒரு சிறு துண்டு என் எதிரே உட்கார்ந்திருந்த இளைஞர் போன்றவர்களின் சட்டைப் பையிலிருந்து வரவேண்டும் என்பதே திட்டம். அந்தத் துண்டைக் கொடுக்க மறுத்ததற்கான விலைதான் 61-ஆம் வரி.

வெளியே நிற்பது அவரவர் உரிமை என்று வாதிடுவோருக்கு ஒரு கேள்வி உண்டு. 1986 முதல் அமெரிக்காவில் மெடிகேர் பணம் வாங்கும் எந்த மருத்துவமனையும், அவசரப் பிரிவுக்கு வருபவரைக் காசு இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பியனுப்ப முடியாது. பரிசோதித்து, உயிராபத்திலிருந்து நிலைப்படுத்தியே தீரவேண்டும். அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி அதிபர் ரேகன். மனிதத் தன்மையுள்ள எந்தச் சமூகமும் அதை ரத்து செய்யாது என்றே நம்புகிறேன். அப்படியானால் வெளியே நிற்பவரும் உண்மையில் வெளியே இல்லை. பந்திக்கு முந்தவும் படைக்குப் பிந்தவும் அவருக்கு வழி விட்டிருக்கிறோம், அவ்வளவுதான். அவருடைய கடனாக வசூலாகாமல் போகும் தொகை வேறு யாருடைய கணக்கிலோ ஏறுகிறது. இந்த வாதத்தை முதலில் வலுவாக முன்வைத்தவர்கள் இடதுசாரிகள் அல்லர். 1989-இல் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்கிற வலதுசாரி ஆய்வு நிறுவனம்தான், தனிநபர் பொறுப்பு என்கிற பெயரில், ஒவ்வொரு குடும்பமும் காப்பீடு வாங்கவேண்டும் என்று முன்மொழிந்தது. 2006 ஏப்ரலில் மாசசூசெட்ஸில் அதைச் சட்டமாக்கியவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி. 2008-இல் ஹிலரி கிளின்டன் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்றபோது, வீடில்லாதவர்களுக்கெல்லாம் வீடு வாங்கும்படி ஆணையிட்டால் வீடின்மை தீர்ந்துவிடுமா என்கிற தொனியில் எதிர்த்துப் பேசியவர் ஒபாமா. இரண்டே ஆண்டுகளில் இரு தரப்பும் நாற்காலிகளை மாற்றிக்கொண்டன. கட்டாயம் என்பது ஒபாமாவின் கொள்கையாகவும், அரசின் அத்துமீறல் என்பது குடியரசுக் கட்சியின் கொள்கையாகவும் ஆகிவிட்டன. ஒரு யோசனையின் பெற்றோர் யார் என்பதை இவ்வளவு விரைவாக மறந்த நாடு வேறு உண்டா என்று தெரியவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. காப்பீடு வாங்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டென்றால் நாளை புரோக்கோலி வாங்கச் சொல்லலாமா என்று நீதிபதி ஸ்காலியா கேட்ட கேள்வி நாடெங்கும் பரவியது. 2012 ஜூன் 28 அன்று 5-க்கு 4 என்கிற கணக்கில் வந்த தீர்ப்பில், தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தைக் கொண்டு ஒருவரை எதையும் வாங்கவைக்க முடியாது என்றும், ஆனால் வாங்காதவர் செலுத்தும் தொகையை ஒரு வரியாகக் கருதலாம் என்றும், வரி விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றும் எழுதினார். இது வரியே அல்ல என்று 2009-இல் தொலைக்காட்சியில் அடித்துச் சொன்னவர் ஒபாமா. வரி என்று சொல்லியிருந்தால் சட்டம் நிறைவேறியிராது. வரி என்று ஆனதால்தான் சட்டம் பிழைத்தது.

பிழைத்தாலும், அதன் பற்களை முன்பே பிடுங்கியிருந்தார்கள். சட்டத்தை எழுதியவர்கள், இந்த அபராதத்தைக் கட்டாதவர்மீது குற்ற வழக்குத் தொடரக் கூடாது, சொத்தின்மீது உரிமை கோரக் கூடாது, வங்கிக் கணக்கில் கை வைக்கக் கூடாது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். மிஞ்சிய ஒரே வழி ரீஃபண்டில் பிடித்துக்கொள்வது. அதாவது, சம்பளத்தில் முன்கூட்டிப் பிடிக்கும் வரியைச் சரியாகக் குறைத்து வைத்து, ரீஃபண்டே வராதபடி பார்த்துக்கொள்ளத் தெரிந்தவரை அரசு ஒன்றும் செய்ய முடியாது. ரீஃபண்டை நம்பிக் கார் பழுது பார்க்கக் காத்திருக்கும் ஏழையிடம்தான் 695-ம் வசூலாகும். என் மேசைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை.

ஒப்பிட்டுப் பார்க்க சுவிட்சர்லாந்து இருக்கிறது. 1996 முதல் அங்கே காப்பீடு கட்டாயம். விற்பவை தனியார் அமைப்புகள்தாம். ஆனால் ஒருவர் குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்காவிட்டால், அவர் வசிக்கும் கான்டன் எனப்படும் மாநில நிர்வாகமே அவரை ஏதாவதொரு காப்பீட்டில் சேர்த்துவிட்டுப் பிரீமியக் கணக்கை அனுப்பிவிடும். வாங்குவதா அபராதம் கட்டுவதா என்று கூரை போடுகிறவர் உட்கார்ந்து கணக்குப் பார்க்க அங்கே இடமில்லை. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு: அடிப்படைக் காப்பீட்டில் லாபம் எடுக்க அந்த நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை, அதில் என்னென்ன சிகிச்சை அடங்கும் என்பதையும் அரசே முடிவு செய்கிறது. மக்களை வாங்கச் சொல்லி வற்புறுத்துகிற அரசு, வாங்கும் பொருளுக்கும் பொறுப்பேற்கிறது. அங்கும் பிரீமியம் ஏறுகிறது, மக்கள் முணுமுணுக்கிறார்கள் என்பது உண்மையே. இருந்தும், எல்லாவற்றையும் ஒரே அரசுக் காப்பீடாக்கிவிடலாமா என்று 2014 செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தபோது, பத்தில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள்.

என் கருத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். யார் பணம் போடவேண்டும் என்பது ஒரு கேள்வி, பணப் பை யார் கையில் இருக்கவேண்டும் என்பது வேறொரு கேள்வி. அமெரிக்க விவாதம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. கட்டாயம் இருந்தும் அரசுக் காப்பீடு இல்லாத நாடு உண்டு. தைவானைப் போல 1995 முதல் கட்டாயமும் ஒரே அரசுக் காப்பீடும் சேர்ந்தே உள்ள நாடும் உண்டு. இரண்டும் நடக்கின்றன. நடக்காதது, ஒருவரை வாங்கு என்று விரட்டிவிட்டு, விலைக்கு நான் பொறுப்பல்ல என்று ஒதுங்கிக்கொள்வது. ஒபாமாவின் சட்டம் கட்டாயத்தை வைத்துக்கொண்டது. விலையில் பேரம் பேசக்கூடிய அரசுக் காப்பீட்டையும் சந்தையில் ஒரு கடையாக வைக்கலாம் என்கிற யோசனை 2009 நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் 220-க்கு 215 என்று நிறைவேறிய மசோதாவில் இருந்தும், செனட்டில் ஜோ லீபர்மன் ஆதரவு தர மறுத்ததும் கைவிடப்பட்டது. அந்த இளைஞரின் ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தது கைவிடப்பட்டதன் மிச்சம்.

பணப் பை கையில் இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. 1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன் தேசியக் காப்பீட்டை முன்மொழிந்தபோது மருத்துவர் சங்கம் அதை சோஷலிசம் என்று சொல்லித் தோற்கடித்தது. 1961-இல் முதியோர் காப்பீட்டைத் தடுக்க இசைத்தட்டில் பேசி அனுப்பியவர் அன்று நடிகராக இருந்த ரேகன். 1965 ஜூலை 30 அன்று அதிபர் ஜான்சன், ட்ரூமனின் சொந்த ஊரான மிசௌரியின் இன்டிபென்டென்ஸுக்குப் போய், அந்த முதியவரின் பக்கத்தில் உட்கார்ந்து மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டு, முதல் அட்டையை அவருக்கே கொடுத்தார். மறு ஆண்டு அது நடைமுறைக்கு வந்தபோது, கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு வைத்திருக்கும் மருத்துவமனைக்குப் பணம் கிடையாது என்று ஒரே நிபந்தனை போட்டார்கள். ஊர்வலங்களாலும் வழக்குகளாலும் முழுதாக அசைக்க முடியாத சுவர்கள் தென் மாநில மருத்துவமனைகளில் சில மாதங்களில் விழுந்தன. காப்பீட்டு விவாதத்தில் இந்த ஒரு செய்தி ஏன் இவ்வளவு அரிதாகப் பேசப்படுகிறது என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

இன்றும் அதே சிகிச்சைக்குத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் மருத்துவமனைகளுக்குக் கொடுப்பது, மெடிகேர் கொடுப்பதைப் போல சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல். அரசுக் காப்பீட்டை விரும்புவோர் இதைச் சேமிப்பு என்பார்கள். மருத்துவமனை நிர்வாகிகள் இதைத் தங்கள் நஷ்டம் என்பார்கள், எல்லோருக்கும் மெடிகேர் விலைதான் என்றால் சிற்றூர் மருத்துவமனைகள் மூடப்படும் என்பார்கள். அந்த அச்சத்தை வெறும் மிரட்டல் என்று தள்ள என்னால் முடியவில்லை. அரசின் கையில் பை இருப்பதாலேயே அந்தக் கை விடுதலையாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது: மருந்து நிறுவனங்களோடு விலை பேசக் கூடாது என்று 2003-இல் மெடிகேரின் கையைச் சட்டமே கட்டிப்போட்டது, 2022-இல்தான் அந்தக் கட்டைக் கொஞ்சம் அவிழ்த்தார்கள். ஏழைகளுக்கான மெடிகெய்டும் அரசுக் காப்பீடுதான்; அது கொடுக்கும் தொகை குறைவு என்று பல மருத்துவர்கள் அந்த நோயாளிகளை ஏற்பதில்லை. வெர்மான்ட் மாநிலம் தனக்கென ஒரே அரசுக் காப்பீட்டை ஏற்படுத்தச் சட்டம் இயற்றிவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, முதலாளிகள்மீது 11.5 சதவீதச் சம்பள வரியும் குடும்பங்கள்மீது வருமானத்தில் 9.5 சதவீதம் வரையும் விதிக்கவேண்டியிருந்தது. அதற்காகவே தேர்தலில் நின்ற ஆளுநர் ஷம்லின் 2014 டிசம்பரில் தாமே அதைக் கைவிட்டார்.

அந்தச் சதவீதங்களைப் பார்த்து அதிர்ந்தவர்களில் பலர் அதே அளவு பணத்தை ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், சம்பள உயர்வுக்கு அரசு தடை போட்டது. காப்பீட்டுச் சலுகை சம்பளமாகக் கருதப்படாததால், ஆள் பிடிக்க விரும்பிய நிறுவனங்கள் அதைக் கொடுத்தன. 1954-இன் வரிச் சட்டம் அதற்கு வரி இல்லை என்று உறுதி செய்தது. முதலாளி கட்டும் அந்தப் பிரீமியம் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து போவதே. சம்பளச் சீட்டில் வராததால் அது போவது தெரிவதில்லை. மெடிகேருக்காகச் சம்பளத்தில் 1.45 சதவீதம் தொழிலாளியிடமும் அதே அளவு முதலாளியிடமும் பிடிக்கிறார்கள். மறுக்க வழியே கிடையாது. 61-ஆம் வரியைப் பார்த்துச் சினந்த எவரும் அந்தப் பிடித்தத்தைச் சுட்டிக்காட்டி எனக்கு இது வேண்டாம் என்று என்னிடம் சொன்னதில்லை. 2009-இல் தெற்குக் கரோலினாவில் நடந்த மக்கள் சந்திப்பொன்றில், என் மெடிகேரில் அரசு கை வைக்கக் கூடாது என்று ஒருவர் பிரதிநிதிகள் சபை உறுப்பினரிடம் சொன்னதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நன்றாக ஓடும் அரசுத் திட்டம் அரசுத் திட்டமாகத் தெரியாது என்பதற்கு அவர் நல்ல சாட்சி.

என் கணிப்பு ஒன்று பொய்த்ததையும் பதிவு செய்யவேண்டும். 2017 ஜூலை 28 அதிகாலையில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் ரத்து மசோதாவுக்கு எதிராகக் கட்டைவிரலைக் கீழே காட்டி ஒபாமாவின் சட்டத்தைக் காப்பாற்றினார்; ஆனால் அதே டிசம்பரில் வந்த வரிச் சட்டம், 2019 முதல் அபராதத் தொகை 0 டாலர் என்று மாற்றியது. வாஷிங்டன் மாநிலத்தின் கதை மீண்டும் நாடு முழுக்க நடக்கும், இரண்டே ஆண்டில் சந்தை குலையும் என்று நண்பர்களிடம் உறுதியாகச் சொன்னேன். குலையவில்லை. 2025-க்கான சேர்க்கையில் அந்தச் சந்தையில் காப்பீடு எடுத்தவர்கள் 2 கோடியே 40 லட்சம் பேருக்கு மேல், அதுவரை இல்லாத எண்ணிக்கை. நான் பார்க்கத் தவறியது மானியத்தின் அமைப்பை. வாங்குபவர் தன் வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் கட்டவேண்டாம், மீதியை அரசு தரும் என்பதே அதன் கணக்கு. பிரீமியம் எவ்வளவு ஏறினாலும் ஏறியது அரசின் தலையில் விழும், வாங்குபவர் ஓட மாட்டார். வாஷிங்டனில் 1990-களில் அந்தத் தாங்கு கட்டை இல்லை. 2021-இல் மானியத்தை மேலும் உயர்த்தினார்கள், 2022-இல் அதை 2025 இறுதி வரை நீட்டித்தார்கள்; சேர்க்கை பெருகியது அந்த ஆண்டுகளில்தான். கட்டாயத்தை மட்டும் எடுத்தபோது நிகழாதது, மானியத்தையும் எடுத்தால் நிகழலாம். இரண்டில் எது சந்தையைத் தாங்கிப் பிடித்தது என்று என்னைக் கேட்டால், அபராதம் அல்ல என்று இப்போது தயங்காமல் சொல்வேன்.

சட்டப் புத்தகத்தில் கட்டாயம் இன்னும் இருக்கிறது என்பது வழக்கறிஞர்களுக்கு மட்டும் தெரிந்த செய்தி. அபராதமே இல்லாதபோது இதை வரி என்று எப்படிச் சொல்வது என்று கேட்டு டெக்சாஸும் வேறு மாநிலங்களும் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அபராதமே இல்லாதபோது உங்களுக்கு என்ன பாதிப்பு என்று கேட்டு, 2021 ஜூனில் 7-க்கு 2 என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்கள் தங்கள் சொந்த அபராதத்தைக் கொண்டுவந்தன. மாசசூசெட்ஸ் ராம்னி காலத்து அபராதத்தை இன்றும் விடவில்லை.

கூட்டாட்சிப் படிவத்தில் அந்த வரி இப்போது இல்லை. 2025 பிப்ரவரியில், 68 வயதுப் பெண்மணி ஒருவர் சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசு ஓய்வூதியத்தின் ஆண்டுச் சான்றை எடுத்துவந்தார். மெடிகேரில் மருத்துவர் கட்டணத்துக்கான பகுதியான பார்ட் பி-க்காக அவருடைய ஓய்வூதியத்தில் 2024-இல் பிடித்த தொகை 2,306 டாலர் 40 சென்ட் என்று அதில் அச்சாகியிருந்தது. அந்த ஆண்டு பெரும்பாலானோருக்கு மாதம் 174 டாலர் 70 சென்ட் என்பதால் இது சற்று அதிகமாகப் பட்டது, கேட்டேன். வேலையை விட்ட பிறகு ஒன்றரை ஆண்டு கோப்ரா என்கிற சட்டத்தின் வழியாகப் பழைய அலுவலகக் காப்பீட்டையே தன் செலவில் தொடர்ந்திருந்தார்; அதுவும் அலுவலகக் காப்பீடுதானே என்று நினைத்து 65 வயதில் பார்ட் பி-யில் சேரவில்லை. கோப்ரா அந்தக் கணக்கில் சேராது. பார்ட் பி யாரும் விருப்பப்பட்டால் மட்டும் சேரக்கூடியது என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. முழுதாக 12 மாதம் தாமதித்தால் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும், அவ்வளவுதான். எப்போது முடியும் என்று கேட்டார். உயிரோடு இருக்கும் வரை என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இதைப் படிவத்தில் எந்த வரியில் எழுதவேண்டும் என்று கேட்டார். அவருடைய வருமானத்துக்கு எந்த வரியிலும் எழுதவேண்டியதில்லை.